காரில் தங்கும் சுருட்டு நெடி: வாசனைப் போத்தல் வாதத்திற்கு ஒரு மறுப்பு

மட்டக்களப்பு வாவியின் இரு பக்கங்களிலும், எழுவான்கரைப் பட்டினங்களிலும் படுவான்கரை வயலூர்களிலும், பழைய காரோ வானோ வாங்கியவர்களிடையே ஒரு கருத்து விவாதத்துக்கு அப்பாற்பட்டதுபோல நிலைபெற்றிருக்கிறது. முன்னைய உரிமையாளர் வாகனத்துக்குள் இருந்து சுருட்டுப் புகைத்ததால் உண்டான நெடி காற்றில் நிற்கும் ஒன்று என்பதும், ஆகவே கண்ணாடிகளை இறக்கிவிட்டுச் சில நாள் ஓடினாலோ, வெயிலில் நிறுத்தினாலோ, முன்கண்ணாடியின் அருகே ஒரு வாசனைப் போத்தலைத் தொங்கவிட்டாலோ அது தானே போய்விடும் என்பதும் அக்கருத்தின் சாரம். இதனோடு சாம்பிராணிப் புகை, அறுத்த தேசிக்காய், ஒரு கிண்ணம் அப்பச்சோடா, சிரட்டைக்கரி, அண்மைக் காலத்தில் ஓசோன் இயந்திரம் என ஒவ்வொருவரும் தத்தம் கைமருந்தைச் சேர்த்துக்கொள்கின்றனர். இம்மருந்துகளில் சில முற்றாகப் பயனற்றவை, சில தவறான இடத்தில் பயன்படுத்தப்படுபவை, ஒன்று தீங்கானது. அனைத்துக்கும் பொதுவான பிழை ஒன்றே: நெடியின் இருப்பிடம் எது என்ற கேள்வியைக் கேளாமலே அதனை விரட்ட முனைவது.

இக்கேள்வி அற்பமானது என்று தள்ளிவிட முடியாத சூழல் இலங்கையில் உண்டு. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறக்கப்பட்டதால், இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளும் நாட்டில் ஏற்கெனவே இருந்த கார்களே கை மாறிக் கை மாறி ஓடின. ஜப்பானிலிருந்து வந்த ஒரு சிறிய கார் மூன்றாவது, நான்காவது உரிமையாளரிடம் போய்ச் சேர்வது வழமையாயிற்று. ஒவ்வொரு உரிமையாளரின் பழக்கமும் அந்த வாகனத்தின் துணியிலும் பஞ்சிலும் எழுதப்பட்டே அடுத்தவரிடம் வந்தது. கொழும்பிலிருந்து பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தைக் கண்ணாடிகளை மூடிக் குளிரூட்டியை இயக்கிக் கடக்கும் குடும்பத்துக்கு, குறிப்பாகப் பின்னிருக்கையில் உறங்கும் குழந்தைக்கு, அந்த எழுத்து என்ன செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டிய விடயம்.

சுருட்டுப் புகை என்பது ஒரே பொருளன்று. அது மிக நுண்ணிய துணிக்கைகளும் வாயுக்களும் கலந்த ஒரு தொகுதி. துணிக்கைகளிற் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீற்றரிலும், அதாவது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும், சிறியவை. தார் எனப்படும் பிசுபிசுப்பான பழுப்புப் பொருள் இவற்றிலேயே இருக்கிறது. நிக்கொட்டின், அமோனியா, பிரிடின் வகைச் சேர்மங்கள், பீனோல்கள் ஆகியவை வாயுவாகவும் துணிக்கைகளோடு ஒட்டியும் பரவுகின்றன. சிகரெட்டையும் சுருட்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது இங்கே முதல் தவறு. சிகரெட் ஒன்றில் ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலையே உண்டு. பெரிய சுருட்டுகளில் அது 5 கிராம் முதல் 20 கிராம் வரை இருக்கும். அளவைக் காட்டிலும் முக்கியமானது இலையின் பதம். சுருட்டுக்கான இலை உலர்த்தப்பட்டுக் குவிக்கப்பட்டு நொதிக்க விடப்படுகிறது. அந்நொதிப்பில் இலையிலுள்ள சர்க்கரை குறைந்து அமோனியா முதலிய நைதரசன் சேர்மங்கள் பெருகுகின்றன. அதனால் வெர்ஜீனியா இலைச் சிகரெட்டின் புகை சற்றே அமிலத்தன்மையுடையதாக இருக்க, சுருட்டின் புகை காரத்தன்மையுடையதாக இருக்கிறது. காரச் சூழலில் நிக்கொட்டின் உப்பாகக் கட்டுண்டிராமல் விடுபட்ட வடிவத்தில் இருக்கும். அவ்வடிவம் எளிதில் ஆவியாகி, எளிதில் துணிக்குள்ளும் பிளாத்திக்குக்குள்ளும் புகுந்து, பின்னர் எளிதில் மீண்டும் வெளியேறும். சிகரெட் பிடித்த காரிலும் சுருட்டுப் பிடித்த காரின் நெடி பிடிவாதமானது என்று ஊரில் சொல்லப்படுவதற்கு அடிப்படை இதுவே. ஊர்ப்பேச்சு இந்த ஒரு விடயத்திற் சரியாகவே கணித்திருக்கிறது.

இவ்வாறு கிளம்பும் புகை ஒரு காரின் உள்ளே எங்கே போகிறது? சூடான புகை மேலெழுவதால் முதலில் கூரையின் உட்துணியில் மோதுகிறது. அங்கிருந்து இருக்கைத் துணிக்கும், துணியினூடாக அதன் கீழுள்ள பொலியூரித்தேன் பஞ்சுக்கும், தரைவிரிப்பின் அடியிலுள்ள மெத்தைக்கும், இருக்கைப் பட்டிகளின் இழைகளுக்கும், கண்ணாடிகளின் உட்பரப்புக்கும் செல்கிறது. குளிரூட்டி உள்ளிருக்கும் காற்றையே சுழற்றும் நிலையில் இயங்கினால், அதே புகை காற்று வடிகட்டியினூடாகவும், குளிர்ச்சியூட்டும் அலுமினியச் சுருளின் ஈரமான தகடுகளினூடாகவும் மீண்டும் மீண்டும் செலுத்தப்பட்டு அங்கேயும் படிகிறது. வாகனத்தின் காற்று, கதவை அகலத் திறந்தாற் சில நிமிடங்களிலேயே முழுவதும் மாறிவிடும். அப்படி மாறிய பின்னரும் அடுத்த நாட் காலையில் நெடி அதே அளவில் இருக்குமானால் அது காற்றிலே குடியிருக்கவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பரப்புகளில் ஒட்டிக்கொள்வதும் அவற்றிலிருந்து மெல்ல மெல்ல விடுபடுவதுமான இந்த இருவழி இயக்கமே நெடியின் உண்மையான வாழ்வு. காற்று அதற்கு வழி மாத்திரமே.

வாவிப் பகுதியின் தட்பவெப்பம் இவ்வியக்கத்துக்கு இரண்டு பருவங்களில் இரண்டு விதமாகத் துணைபோகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில், அதாவது தென்மேற்கிலிருந்து மலைநாட்டைக் கடந்து ஈரம் இழந்து வெப்பமாக இறங்கும் காற்றுக் காலத்தில், நிழலின்றி நிறுத்திய காரின் உட்புற வெப்பநிலை 50 பாகை செல்சியசைத் தாண்டிவிடும். வெப்பம் கூடக் கூடப் பரப்பிலிருந்து ஆவியாகும் அளவும் கூடும். மாரியில், பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலம் முழுவதும் ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது, துணியும் பஞ்சும் உறிஞ்சும் நீராவி அங்கே ஒட்டியிருந்த சேர்மங்களை இடம்பெயர்த்து வெளியேற்றுகிறது. கடற்காற்றோடு வந்து துணியிற் படியும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் இது இன்னும் நீடிக்கிறது. மழைக்காகக் கண்ணாடிகள் மூடப்பட்டிருக்கும் அந்நாட்களிலேயே கல்லடிப் பாலத்தைக் கடப்பதற்குள் உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டுகிறது. கோடையில் போய்விட்டது என்று நம்பப்பட்ட நெடி மாரியில் திரும்பி வந்தது என்று பலர் வியப்பதுண்டு. அது எங்கும் போகவில்லை.

இனி வாசனைப் போத்தலுக்கு வருவோம். வாசனைத் திரவியம், அது கடையில் விற்கும் எலுமிச்சை வாசனையானாலும் காத்தான்குடியில் வாங்கிய நல்ல அத்தரானாலும், மூக்கின் கவனத்தைத் திருப்புகிறதேயன்றிப் பஞ்சுக்குள் இருக்கும் ஒரு மில்லிகிராம் தாரையேனும் குறைப்பதில்லை. கருவாட்டுப் பெட்டியின் மேல் மல்லிகைச் சரத்தைப் போடுவதற்கு ஒப்பான செயல் இது. போத்தல் தொங்கவிட்ட பிறகு நெடி தெரிவதில்லை என்று உரிமையாளர்கள் உறுதியாகச் சொல்வதை எதிர்வாதமாக முன்வைக்கலாம். அச்சொல் பொய்யன்று, ஆயினும் அது சாட்சியமும் ஆகாது. ஒரே மணத்தைத் தொடர்ந்து நுகரும் மூக்கு சில நிமிடங்களிலேயே அதனைப் பதிவுசெய்வதை நிறுத்திவிடும். மணப்புலன் பழகிப்போதல் என்று உடலியலில் விளக்கப்படும் இவ்வியல்பு காரணமாக, ஒரு வாகனத்தின் நெடியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத் தகுதி மிகக் குறைந்தவர் அதன் உரிமையாளரே. முதற் தடவையாக ஏறும் விருந்தாளியின் முகத்தைப் பார்த்தாற் போதும்.

சாம்பிராணியின் நிலை இதனினும் மோசமானது. புதிதாக வாங்கிய வாகனத்துக்குப் பூசை செய்து, சில்லுகளின் கீழ் தேசிக்காய் வைத்து நசுக்கி, உள்ளே சாம்பிராணி காட்டும் வழக்கம் சமய நம்பிக்கை சார்ந்தது; அதைக் குறித்து இங்கே வாதம் எதுவும் இல்லை. ஆனால் அதே சாம்பிராணியைச் சுருட்டு நெடிக்கு மருந்தாக, கதவுகளை மூடி, நாட்கணக்கிற் காட்டுவது ஒரு புகையின் படிவின் மேல் இன்னொரு புகையின் படிவைப் பூசுவதாகும். பிசின் எரிந்து வரும் துணிக்கைகளும் அதே கூரைத்துணியிலேயே போய் ஒட்டுகின்றன. இரண்டு நெடிகளும் கலந்த பின்னர் கழுவ வேண்டிய பொருள் கூடுகிறதே ஒழியக் குறைவதில்லை.

வெயில் வாதத்தில் ஒரு பகுதி உண்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெப்பம் ஆவியாதலை விரைவுபடுத்துவதால், கதவுகள் திறந்திருக்கக் கச்சான் காற்றும் குறுக்கே வீசினால், ஒவ்வொரு நாளும் சிறிதளவு உண்மையாகவே வெளியேறும். எப்போதாவது ஒரு தடவை புகைக்கப்பட்ட காரில் இது மட்டுமே போதுமானதாகவும் அமையலாம். ஆனால் நடைமுறையில் வெயிலில் விடப்படும் கார் பூட்டப்பட்டே விடப்படுகிறது. பகலில் ஆவியானவை வெளியேற வழியின்றி இரவில் குளிரும் கண்ணாடியிலும் பிளாத்திக்கிலும் மீண்டும் படிகின்றன. ஆண்டுக்கணக்காகப் புகைக்கப்பட்ட வாகனத்தின் பஞ்சில் தேங்கியிருக்கும் அளவை இம்முறையில் வற்றச் செய்வதற்கு அந்த வாகனத்தின் எஞ்சிய ஆயுளும் போதாது.

அப்பச்சோடா என ஊரில் வழங்கும் சோடியம் இருகாபனேற்றைப் பற்றிய நம்பிக்கை வேதியியலைத் தலைகீழாகப் புரிந்துகொண்டதன் விளைவு. அப்பச்சோடா ஒரு மென்காரம். வியர்வை, புளித்த பால், வாந்தி போன்றவற்றின் அமிலச் சேர்மங்களை அது நடுநிலையாக்குவதனாலேயே மணநீக்கி என்ற பெயரைப் பெற்றது. சுருட்டு நெடியின் முதன்மைக் கூறுகளான நிக்கொட்டின், அமோனியா, பிரிடின் ஆகிய யாவும் தாமே காரங்கள். காரத்தைக் காரம் நடுநிலையாக்குவதில்லை. தரைவிரிப்பில் தூவி உறிஞ்சியெடுக்கும்போது தூளோடு கொஞ்சம் தூசியும் போவதால் ஏற்படும் சிறு பயன், தூசியை நீக்கியதன் பயனேயாகும். இருக்கையடியில் கிண்ணத்தில் வைக்கப்படும் சோடாவுக்கு அந்தப் பயனும் இல்லை.

தேசிக்காயும் வினாகிரியும் இதற்கு நேரெதிரானவை என்பதால் கொள்கையளவில் சரியான மருந்துகள். பயன்படுத்தும் முறையே பிழை. அமிலம் நிக்கொட்டினைச் சந்தித்தால் அதை ஆவியாகாத, நீரிற் கரையும் உப்பாக மாற்றும். ஆனால் தேசிக்காயின் சித்திரிக்கமிலம் ஆவியாவதில்லை. ஆகவே முன்தட்டில் அறுத்து வைத்த தேசிக்காயிலிருந்து அமிலம் எழுந்து கூரைத்துணியைச் சென்றடைய வழியே இல்லை. எழுவதெல்லாம் தோலின் எண்ணெய் மணம். வினாகிரியின் அசற்றிக்கமிலம் ஆவியாகும் என்றாலும், கிண்ணத்திலிருந்து வரும் அளவு சொற்பம். பரப்பை நேரடியாகத் தொட்டுத் துடைக்கும்போதே அமிலம் வேலை செய்கிறது. துடைத்த பின் அந்த உப்பைத் தாங்கிய நீர் துணியோடு வெளியேற வேண்டும், இல்லையேல் வாயடைத்த நிக்கொட்டின் அங்கேயே இருக்கும்.

கரியைப் பற்றி இப்பகுதியினருக்கு ஒரு தனிப் பெருமிதம் இருப்பது இயல்பே. தென்னஞ்சிரட்டையிலிருந்து உயிர்ப்பூட்டிய கரி செய்து உலகெங்கும் அனுப்பும் நாடுகளில் இலங்கை முக்கியமானது. 1973 இல் தொடங்கப்பட்ட ஹேகார்ப் நிறுவனம் இத்தொழிலில் உலகளவில் அறியப்பட்ட பெயர். ஆனால் உயிர்ப்பூட்டிய கரி என்பது சிரட்டைக்கரியை 800 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் நீராவியோடு வினைப்படுத்தி, ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீற்றர் அளவுக்கு உட்பரப்பு உண்டாகும்படி எண்ணற்ற நுண்துளைகளைத் திறந்தெடுத்த பொருள். அடுப்பிலிருந்து அள்ளிய சிரட்டைக்கரிக்கு அந்தத் துளைகள் திறந்திருப்பதில்லை. உண்மையான உயிர்ப்பூட்டிய கரியும்கூடத் தன்னைத் தேடி வரும் காற்றையே சுத்திகரிக்கும். அதனைப் பையிலிட்டு மூலையில் வைப்பதைவிட, கரிப்படலம் கொண்ட காற்று வடிகட்டியாகக் குளிரூட்டியின் பாதையிற் பொருத்தினால் முழுக் காற்றும் அதனூடாகச் சென்றாக வேண்டும். அப்போதும் அது புதிதாக வெளிவருவதைப் பிடிக்கிறதே தவிரப் பஞ்சிலிருக்கும் இருப்பைத் தொடுவதில்லை.

வாகனம் கழுவுமிடங்களிலும் இணையக் கடைகளிலும் இப்போது பெருமையோடு விளம்பரப்படுத்தப்படும் ஓசோன் இயந்திரம் தனியே எதிர்க்கப்பட வேண்டியது. ஓசோன் மூன்று ஒட்சிசன் அணுக்கள் சேர்ந்த, மிகுந்த வினைத்திறனுள்ள வாயு. பரப்பிலுள்ள சில மணச் சேர்மங்களை அது உண்மையாகவே உடைக்கிறது. அதனாலேயே முதல் வாரத்தில் விளைவு அற்புதமாகத் தோன்றுகிறது. ஆனால் பரப்பில் ஒட்டிய நிக்கொட்டின் ஓசோனோடு வினைப்பட்டு போமல்டிகைட்டு முதலிய சேர்மங்களையும், நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடிய மீநுண் துணிக்கைகளையும் உண்டாக்குவதை அமெரிக்காவின் லாரன்ஸ் பேர்க்லி தேசிய ஆய்வுகூடத்தினர் 2010 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மனிதருக்குத் தீங்கற்ற செறிவில் ஓசோன் மணத்தையோ மாசையோ குறிப்பிடத்தக்க அளவில் நீக்காது என்பது அந்நாட்டின் சூழல் பாதுகாப்பு முகவரகத்தின் நெடுநாளைய நிலைப்பாடு. நீக்கும் செறிவில் அது சுவாசக் குழாயைத் தாக்கும் நஞ்சு. இயற்கை இறப்பரையும் அது வெடிக்கச் செய்யும். பஞ்சின் உள்ளே அது போய்ச் சேர்வதும் இல்லை என்பதால், சில வாரங்களில் உள்ளிருந்து வரும் நெடி மீண்டும் மேற்பரப்பை நிரப்பிவிடுகிறது.

இத்தனைக்கும் பின்னர், இது வெறும் மணந்தானே, இதற்கேன் இவ்வளவு பேச்சு என்ற கடைசி வாதம் எஞ்சுகிறது. அணைந்த புகையின் படிவை மூன்றாம்நிலைப் புகை என்று குறிப்பிடுவது 2009 இல் ஜோனதன் வினிக்கொவ் என்ற குழந்தை மருத்துவரும் அவரது குழுவினரும் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னர் பரவலாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டில், சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜோர்ஜ் மற் குழுவினர் விற்பனைக்கு வந்த பழைய கார்களைச் சோதித்து, புகைப்பவர்களின் கார்களில் காற்றிலும் தூசியிலும் முன்தட்டுப் பரப்பிலும் நிக்கொட்டின் இருப்பதைப் பதிவுசெய்திருந்தனர். பேர்க்லிக் குழுவினரின் மற்றொரு ஆய்வு, அதுவும் 2010 இல் வெளியானது, பரப்பிலுள்ள நிக்கொட்டின் சூழலிலுள்ள நைத்திரசமிலத்தோடு சேர்ந்து புகையிலைக்கே உரிய நைத்திரோசமைன்களாக மாறுவதை விளக்கியது. அவற்றுட் சில மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என வகைப்படுத்தப்பட்டவை. அதிகம் புகைக்கும் ஒருவரின் வாகனத்தின் உட்பரப்பிலேயே அவை கண்டெடுக்கப்பட்டன. இப்படிவால் ஒரு குழந்தைக்கு ஏற்படும் ஆபத்தின் துல்லியமான அளவு பற்றி அறிவியலில் இன்னும் விவாதம் நடக்கிறது. எனினும், இருக்கையைத் தடவிய கையை வாயில் வைக்கும் வயதினர் விடயத்தில், வெறும் மணம் என்ற சொல்லுக்கு இடமில்லை. யாழ்ப்பாணத்துச் சுருட்டு நாட்டு இலை, அதில் இரசாயனம் இல்லை என்ற தற்பெருமையும் இங்கே நிற்காது. மேற்சொன்ன அனைத்தும் இலையிலேயே பிறப்பவை. கண்ணாடியை இறக்கிவிட்டே புகைத்ததாக விற்பவர் சொல்வதும் அவ்வளவே. ஓடும் காரின் திறந்த கண்ணாடி புகையின் ஒரு பகுதியை வெளியே இழுக்கும், மறுபகுதியைப் பின்னிருக்கைக்குத் தள்ளும்.

ஆகவே படிந்ததை எடுத்து அகற்றுவதே தீர்வு. அதற்கு வேண்டியவை சவர்க்கார நீரும், உழைப்பும், பொருத்தமான பருவமும். சாம்பற் தட்டையும் தரைவிரிப்புகளையும் கழற்றி, தூசியை உறிஞ்சியெடுத்த பின்னர், பிளாத்திக்குப் பரப்புகளையும் கண்ணாடிகளையும் முதலில் மென்மையான சவர்க்கார நீராற் துடைக்க வேண்டும். தாரின் பிசுபிசுப்பும் அமிலத்தன்மையுள்ள பீனோல்களும் அதற்கே இளகும். அடுத்து ஒரு பங்கு வினாகிரிக்கு மூன்று நான்கு பங்கு நீர் கலந்து மீண்டும் துடைக்கும்போது நிக்கொட்டினும் அமோனியாவும் உப்பாகிக் கரைந்து வரும். வெளிற்றும் குளோரின் நீரை இதனோடு ஒருபோதும் கலத்தலாகாது, நச்சு வாயு பிறக்கும். இருக்கைத் துணிக்கும் பஞ்சுக்கும் நீரைச் செலுத்தி உடனே உறிஞ்சியெடுக்கும் இயந்திரம் தேவை. கழுவுமிடத்தில் பணம் கொடுப்பதானால் ஓசோனுக்கன்றி இதற்கே கொடுக்க வேண்டும். எல்லோரும் மறந்துபோவது கூரைத்துணியையும் இருக்கைப் பட்டிகளையுமே. பட்டிகளை முழு நீளத்துக்கு இழுத்துக் கழுவலாம். கூரைத்துணி பசையினால் ஒட்டப்பட்டதாதலால் நனைக்காமல், பிழிந்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். அவசரப்பட்டு நீர் தெளித்தவர்களின் கார்களில் துணி தொங்கித் தலையில் இடிக்கிறது. வடிகட்டியை மாற்றாமலும், குளிர்ச்சுருளை அதற்குரிய நுரையாற் கழுவாமலும் விட்டால், மற்ற வேலைகள் முடிந்த பின்னரும் குளிரூட்டியை இயக்கும் முதற் கணத்தில் பழைய நெடியே முகத்தில் அடிக்கும்.

பருவத்தைத் தேர்வதும் சிறிய விடயமன்று. மாரியில் நனைத்த பஞ்சு வாரக்கணக்கில் உலராது, சுருட்டு நெடி போய்ப் பூஞ்சண நெடி வந்து சேரும். ஜூன், ஜூலையில் கச்சான் வீசும் நாட்களில் காலையிற் கழுவி, கதவுகள் அனைத்தையும் திறந்து, நெல் தூற்றும் களத்துத் தூசி எட்டாத இடத்தில் நிறுத்தினால் மாலைக்குள் பெரும் பகுதி உலர்ந்துவிடும். வெயிலையும் காற்றையும் மருந்தாக நம்புவோர் உண்மையில் அவற்றைப் பயன்படுத்த வேண்டிய இடம் இது: கழுவிய பின்னர்.

இவ்வளவு செலவும் உழைப்பும் ஒரு பழைய காருக்குத் தகுமா என்று கேட்பது நியாயமே. சில வாகனங்களுக்குத் தகாது. பஞ்சின் அடிவரை ஊறியவற்றுக்கு இருக்கையுறையையும் கூரைத்துணியையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. அந்தச் செலவை ஏற்க வேண்டியவர் யார் என்பதிலேயே வழக்கமான கருத்து வாங்குபவருக்கு அநீதி செய்கிறது. நெடி தானே போய்விடும் என்று இருதரப்பும் நம்பும்வரை அது விலைப்பேச்சிற்குள் வருவதில்லை. இவ்விடயத்தில் சட்டமும் துணைவருவதில்லை. இலங்கையின் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைத்தலைத் தடுக்கிறது. இங்கிலாந்தில் 2015 ஒக்டோபர் முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் இருக்கும் தனியார் வாகனத்திலும் அது குற்றம். இலங்கையிலோ சொந்தக் காருக்குள் உரிமையாளர் தாமே விதிக்கும் தடையே தடை. அத்தடையை முன்னைய உரிமையாளர் விதித்தாரா என்பதை வாங்குபவர் தாமே சோதித்துக்கொள்ள வேண்டும். நண்பகலில் ஒரு மணி நேரம் பூட்டி வைத்த காரை, புகைபிடிக்காத ஒருவரைக் கொண்டு திறக்கச் செய்யுங்கள். வாசனைப் போத்தல் தொங்கினால் அதைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். ஈரமாக்கிய வெள்ளைத் துணியால் முன்கண்ணாடியின் உட்புறத்தையும் சூரியமறைப்பின் பின்புறத்தையும் துடைத்துப் பாருங்கள். துணி பழுப்பேறினால், கழுவும் செலவை விலையிலிருந்து கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். விற்பவர் மறுத்தால் வேறு கார் பாருங்கள்.